வேலிக்குக் கால் இருந்த காலம்

அந்தக் காலத்தில் வேலிக்குக் கால் இருந்தது.

எல்லா உயிரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மலையடிவாரத்தில் ஒரு செம்மண் பொட்டல், பொட்டலை ஒட்டி ஒரு மடு. இரை தேடி முடித்த உயிர்கள் எல்லாம் வெயில் சாய்ந்ததும் பொட்டலில் கூடி விளாப்பந்து விளையாடும். பந்து வேறொன்றுமில்லை, பழுக்காத விளாங்காய்தான். ஒரு கட்சி காயை உருட்டிவிடும், மறு கட்சி அடிக்கும். பன்றி மூக்கில் ஏந்தி வீசும். மிளா மான் கொம்பால் தூக்கும். முயல் திரும்பி நின்று பின்னங்காலால் ஒரு உதை விடும். காய் வேலியைத் தாண்டிப்போய் விழுந்தால் ஒரு தாண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்தால் ஒன்றும் கிடையாது. அதிகம் தாண்டிய கட்சிக்கு வெற்றி.

வேலி என்றால் முள்ளம்பன்றிகள்தான். செடி முளைக்காத பொட்டலில் வேறு எதை வைத்து வேலி போடுவது? விளையாட்டில் முள்ளம்பன்றிகளைச் சேர்த்துக்கொள்ளவும் யாருக்கும் தைரியமில்லை, இடித்தால் குத்தும். அதனால் அவை பொட்டலின் கடைசியில் பிறை போல வரிசைகட்டி, முள்ளை விறைத்துக்கொண்டு நிற்கும். ஆட்டம் முடிந்ததும் வேலி கலைந்து வீட்டுக்குப் போய்விடும்.

காய் தாண்டியதா இல்லையா என்று சொல்வது ஆட்காட்டிக் குருவியின் வேலை. இப்போது நாம் பார்க்கிற ஆட்காட்டி இல்லை அவள். கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை கிடையாது. பின்விரல் நீளமாக, கிளையைச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி இருந்தது. வேலி ஓரத்து மருதமரத்தின் உச்சிக்கிளையில் உட்கார்ந்திருப்பாள். கூடும் அதிலேயேதான். காய் மேலே எழும்பியதும் அண்ணாந்து அதையே பார்ப்பாள், விழுந்ததும் குனிந்து பார்ப்பாள், பிறகு பொட்டல் அதிரக் கூவுவாள். "தாண்டிடுச்சு!" அல்லது, "தாண்டலை!" அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தெரிந்து ஒரு பொய் சொன்னவள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று. காய் மேலே இருக்கும் நேரத்தில் அவள் ஒரு நாளும் வேலியைப் பார்த்ததில்லை. வேலியை எதற்குப் பார்ப்பது? வேலி வேலியாகத்தானே நிற்கும்?

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பங்குனி பிறக்கும்போதே மடு சுருங்கி ஒரு குட்டையாகிவிட்டது. பன்றி வந்து பொட்டலின் நடுவில் நின்றது.

"இருக்கற தண்ணி எல்லாருக்கும் பத்தாது. நாளைக்கு ஆடுவோம். பெரிய உருப்படி எல்லாம் என் கட்சி. சின்ன உருப்படி எல்லாம் முயல் கட்சி. தோத்த கட்சி மழை வர்ற வரைக்கும் மடுப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக்கூடாது. என்ன சொல்றீங்க?"

முயல் கட்சியில் அணிலும் கீரியும் காடையும் ஓணானும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வேண்டாம் என்றால் மட்டும் பன்றி தண்ணீர் விடப்போகிறதா? தவிர, முயலின் உதை பெயர்போன உதை. சரி என்றார்கள்.

மறுநாள் காலையிலேயே ஆட்டம் தொடங்கியது. மாறி மாறி அடித்தார்கள். முயல் உதைத்த காய் விண்ணென்று போனது. எல்லாத் தலையும் மேலே. காய் இறங்கியது, பார்த்தால் வேலிக்குச் சற்று முன்னால்.

"தாண்டலை!" என்று கூவினாள் ஆட்காட்டி.

பன்றி வீசிய காய் அவ்வளவு உயரம் போகவில்லை. ஆனாலும் வேலிக்குச் சற்றுப் பின்னால் போய் விழுந்தது.

"தாண்டிடுச்சு!"

காலை முழுக்க இதே கதை. முயல் கட்சியின் காய் எல்லாம் ஒரு முழம் குறைந்தது, பன்றிக் கட்சியின் காய் எல்லாம் ஒரு முழம் மிஞ்சியது. உச்சிவெயிலில் ஆட்டத்தை நிறுத்தியபோது பன்றிக் கட்சி எங்கோ முன்னால் போயிருந்தது. முயல் மருதமரத்தடிக்கு வந்து மூச்சு வாங்கியது.

"அக்கா, என் கால் எனக்குத் தெரியும். நிஜமாவே தாண்டலையா?"

"நான் பாத்ததைத்தாண்டா சொல்றேன்."

"உங்களைத் தப்பு சொல்லலைக்கா," என்று முயல் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டது.

தப்பு சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். முட்டையிடும் வேளை நெருங்கிய வயிறு வேறு கனத்தது. கிளையில் இருப்புக் கொள்ளாமல் கீழே இறங்கி வேலி ஓரமாக நடந்தாள். வேலி தன் இடத்தில் நின்று கண்ணயர்ந்திருந்தது. அதற்கு வெளியே ஓர் இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. கிட்டே போனாள். மண்ணில் ஒரு குழி, குழியில் விளாங்காய் ஓடு. ஓட்டின்மேல் முயலின் நகக்கீறல்.

முயல் உதைத்த காய். விழுந்த இடம் வேலிக்கு வெளியே. ஆனால் அவள்தானே 'தாண்டலை' என்று கூவினாள்?

"தலைவரே!" என்று வேலிக்குத் தலைவனான கிழ முள்ளம்பன்றியை எழுப்பினாள். "இந்தக் காய் விழுந்தப்ப நீங்க எங்க நின்னீங்க?"

கிழம் ஒரு கண்ணைத் திறந்தது. "கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் பின்னால தள்ளி நின்னோம்."

"பன்றியண்ணன் அடிச்சப்ப?"

"அப்பவும் மரத்துப்போச்சு. முன்னால வந்து நின்னோம்."

"எல்லாரும் மேல பாக்கற நேரமாப் பாத்துத்தான் உங்களுக்குக் கால் மரத்துப்போகுமா?"

கிழம் மறு கண்ணையும் திறந்தது. "இந்தா பாரு புள்ள. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இந்த வெயில்ல நிக்கறோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'வாங்க, நீங்களும் ஒரு காய் அடிச்சுப் பாருங்க'ன்னு எவனாச்சும் கூப்பிட்டானா? பன்றியண்ணன் வந்தாரு. 'நீயும் பன்றி, நானும் பன்றி, நாம ஒரே சொந்தம்'னாரு. அந்த ஒரு வார்த்தை போதும் எங்களுக்கு." பேச்சோடு பேச்சாகக் கிழம் பின்னால் நகர்ந்து, மண்ணைத் தள்ளிக் குழியை மூடிவிட்டது. "இப்ப போய் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு."

அவள் நேரே பன்றியிடம் போனாள். பன்றி சேற்றில் புரண்டபடியே சிரித்தது.

"வேலி எங்க நிக்குதோ அதான் எல்லை. தெரியாதா உனக்கு?"

மரத்துக்குத் திரும்பினாள். அவள் புருஷன் கூட்டுக்குக் குச்சி செருகிக்கொண்டிருந்தான்.

"நமக்கென்ன?" என்றான். "இறக்கை இருக்கு. இந்த மடு போனா மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மடு. முயலுக்கும் ஓணானுக்கும் இறக்கை இல்லைன்னா அதுக்கு நீயா பொறுப்பு?"

"அதுங்களைத் தோக்கடிச்சது யாரு? வேலியா? வேலிக்கு வாய் இருக்கா? என் வாய்தானே கூவுச்சு!"

புருஷன் வாயிலிருந்த குச்சி விழுந்தது. அவள் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை.

மறுபடி ஆட்டம் தொடங்கும் நேரம். எல்லாரும் வந்து நின்றார்கள். ஆட்காட்டி உச்சிக்கிளையிலிருந்து சிறகை விரித்து இறங்கி, வரிசையில் நின்ற இரண்டு முள்ளம்பன்றிகளுக்கு நடுவே போய் நின்றாள்.

"எல்லாரும் பாத்துக்குங்க!" என்றாள். "வேலி இப்ப நிக்கறது சரியான இடம்தானே?"

சரிதான் என்றது பொட்டல். பன்றியும் தலையாட்ட வேண்டியதாயிற்று.

"இனிமே வேலி எங்க வேணும்னாலும் போகட்டும், வரட்டும். எல்லை நான் நிக்கற இடம். என்னைத் தாண்டினாத்தான் தாண்டு."

கசமுசாவென்று பேச்சு எழுந்தது. வேலி நகர்கிறதா என்று காடை கேட்டது. கீரி எழுந்து நின்று முள்ளம்பன்றிகளின் காலைப் பார்த்தது. பன்றி மட்டும் அசரவில்லை.

"வேலிக்குக் கால் இருக்கு, நம்பக்கூடாதுங்கறே. உனக்கு? அதுங்களைவிட நீளமான கால், போதாததுக்கு இறக்கை. உன்னை நம்பறதாம்!"

பன்றிக் கட்சி பொட்டலே அதிரச் சிரித்தது. முயல் கட்சியிலும் ஒன்றிரண்டு பேருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆட்காட்டி ஒரு கணம் மருதமரத்தைப் பார்த்தாள். மேலே புதுக்கூடு தெரிந்தது, அதன் விளிம்பில் புருஷனின் தலை தெரிந்தது. பார்த்துவிட்டுக் காலால் செம்மண்ணைக் கொஞ்சம் பறித்தாள், உட்கார்ந்தாள். எழுந்தபோது அங்கே ஒரு முட்டை இருந்தது.

சிரிப்பு நின்றுபோனது. வெட்டவெளியில், புல்கூட இல்லாத மண்ணில், விளாங்காய் வந்து விழுகிற இடத்தில் முட்டை.

அவள் மறுபடி அதன்மேல் உட்கார்ந்தாள். "ஆடுங்க," என்றாள்.

"இதென்ன கூத்து? நாளைக்கே எழுந்து போயிடுவா!" என்று பன்றி கத்தியது.

அப்போது பன்றிக் கட்சியின் பக்கத்திலிருந்தே ஒரு குரல் வந்தது. பன்றியின் பெண்டாட்டிதான், காலடியில் வரிக்குட்டிகளோடு நின்றாள். "போகமாட்டா," என்றாள். "வாயை மூடிக்கிட்டு ஆடுங்க. முட்டைமேல உக்காந்தவ போகமாட்டா."

எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

முயல் உதைத்தது. காய் எழும்பியது. பழக்கம் விடுமா, முள்ளம்பன்றிகள் பின்பக்கமாகவே தடதடவென்று ஓடின. ஆனால் இந்தத் தடவை ஒருத்தர்கூட மேலே பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் வேலிமேல்.

"டேய், வேலி ஓடுதுடா! எவனாச்சும் புடிங்கடா!" என்று கீரி கத்தியது. பொட்டலே விழுந்து விழுந்து சிரித்தது. மிளாக்கள்கூடச் சிரித்தன. காய் ஆட்காட்டியின் தலைக்குமேல் நிழல் காட்டிப் போய், தொலைவில் விழுந்து உடைந்தது.

"தாண்டிடுச்சு!"

அப்புறம் முயலை யாராலும் நிறுத்த முடியவில்லை. காடை தட்டிய காய் தாண்டியது. அணிலும் ஓணானும் சேர்ந்து உந்திய காய்கூட உருண்டுபோய்த் தாண்டியது. பன்றிக் கட்சி வீசியதெல்லாம் அவளுக்கு முன்னால் விழுந்து செத்தது. வெயில் சாயும்போது இரண்டு கட்சியும் சமம். இருட்டுவதற்குள் பன்றிக்கு ஒரு காய், முயலுக்கு ஒரு காய்தான் மிச்சம்.

பன்றி காயை மூக்கில் ஏந்தியது. மேலே வீசவில்லை. தரையோடு தரையாக, ஆட்காட்டியைக் குறிவைத்து வீசியது. அவள் ஒதுங்கினால் போதும், காய் தாண்டிவிடும். எல்லையும் போய்விடும்.

காய் கல் மாதிரி வந்தது.

அவள் ஒதுங்கவில்லை. இரண்டு காலின் பின்விரலையும் மண்ணுக்குள் ஆழ ஊன்றிக்கொண்டு, முட்டையை மார்பால் மூடிக்கொண்டு, முகத்தை நேரே காட்டினாள். காய் அவள் கண்ணுக்கு முன்னால் பட்டுத் தெறித்து, அவளுக்கு இந்தப் பக்கமே விழுந்து ஆடி நின்றது. கண்ணோரம் பிய்ந்து ரத்தம் வழிந்தது. புருஷன் மரத்திலிருந்து பாய்ந்து வந்தான்.

"தாண்டலை!" என்று கூவினாள் அவள். மலை அதைத் திருப்பிச் சொன்னது.

முயல் கடைசிக் காயை ஒரு தரம் பார்த்தது, அவளை ஒரு தரம் பார்த்தது. உதைத்த உதையில் காய் பொட்டலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மருதமரத்தின் உச்சியையே தாண்டிப் போனது. எங்கே விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"தாண்டிடுச்சு! தாண்டிடுச்சு! தாண்டிடுச்சு!" புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கூவினார்கள். அணில் முயலின் முதுகில் ஏறிக்கொண்டது. ஓணான் நிற்காமல் தலையாட்டியது. சின்ன உயிர்கள் எல்லாம் ஒரே ஓட்டமாக மடுவுக்கு ஓடிக் கழுத்துவரை குடித்தன. பன்றியின் பெண்டாட்டியையும் வரிக்குட்டிகளையும் முயல் தானே கூப்பிட்டுக் குடிக்க வைத்தது, பின்னாலேயே மிளாக்களையும் விட்டது. பன்றி மட்டும் மழை வரும்வரை அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

"நாளைக்கு நீங்களும் வந்து ஒரு காய் அடிங்க," என்று முயல் முள்ளம்பன்றிகளிடம் சொல்லிப் பார்த்தது. கிழத்துக்கு ஏறிட்டுப் பார்க்க முகம் இல்லை. வேலி கலைந்தது, வளைக்குள் போனது. இருட்டிய பிறகுதான் வெளியே வருகிறது. யாராவது எதிரே வந்தால் பழைய பழக்கத்தில் இன்றும் பின்பக்கமாகத்தான் ஓடி வருகிறது.

ஆட்காட்டி அதே குழியில் இன்னும் மூன்று முட்டை இட்டாள். மண்ணில் கிடந்து கிடந்து முட்டைகள் மண் நிறமாயின. குஞ்சுகள் பொரித்து ஓடியபிறகு ஒரு நாள் மருதமரத்துக்குப் பறந்தாள். உச்சிக்கிளையில் கால் வைத்தாள். கால் நிற்கவில்லை, வழுக்கியது. மண்ணில் ஊன்றிய பின்விரல்கள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன, கிளையைப் பிடிக்க விரல் இல்லை. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்தாள். பிறகு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பொட்டலுக்கே இறங்கினாள். கீழே முயலும் கீரியும் காடையும் அவளுக்கு வழிவிட்டு எழுந்து நின்றன.

அன்று இறங்கியவள்தான். அன்று முதல் ஆட்காட்டி எந்த மரத்திலும் உட்கார்வதில்லை, கூடும் கட்டுவதில்லை. வெட்டவெளியில் முட்டையிடுகிறாள். கண்ணோரத்துக் காயம் ஆறாமல் சிவப்பாகவே நிற்கிறது. பகலோ நடுச்சாமமோ, எவன் எல்லையை மிதித்தாலும் ஊர் எழும்பக் கூவுகிறாள். இன்றைக்கும் பொட்டலில் பந்து விளையாடப் போகிற பிள்ளைகள் பந்து தேடும்போது அந்த நாலு முட்டையைக் கண்டுவிட்டால், எல்லைக்கல்லைத் தூக்கி இந்தப் பக்கமாக வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள். கல்தான் நகரும். அவள் நகரமாட்டாள்.