கழுவாத குலை

பூச்சிமருந்து பம்பின் ‘சர்க், சர்க்’ சத்தம் வெகுகாலம் தேரசம்மாளின் காதைவிட்டுப் போகவில்லை. மலைமேல் திராட்சைத் தோட்டத்தில், பனி விலகுமுன் அவள் புருஷன் அடித்த பம்பு அது. இப்போது அவன் தோட்டக் கூலிகளின் லைன் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். பம்பை வேறொருவன் அடித்தான்.

தேரசம்மாள் துரையின் பங்களாவில் சமையல்காரி. அன்று சென்னையிலிருந்து ஓட்டல் முதலாளி ஒருவர் வைன் வாங்க வந்திருந்தார். தோட்டத்துரை இளங்குளிரில் வைத்திருந்த பாட்டிலைத் திறந்து ஊற்றி, கிளாஸைச் சுழற்றி முகர்ந்தார்.

“குளிர்மலைச் சிவப்பு வைன் சார். பூ மாதிரி மென்மை. ஒரு சொட்டு விஷம் படாத திராட்சை.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “ஏய், இதுக்குத் தோதா தொட்டுக்க ஏதாவது கொண்டா. மசாலா கூடாது, அடுப்புல ஏறக்கூடாது, இந்த மலையில விளைஞ்சதா இருக்கணும். முடியாட்டி புருஷனைத் தூக்கிக்கிட்டு வீட்டைக் காலி பண்ணு.”

ஓட்டல்காரர் சிரித்தார்.

தேரசம்மாள் வெளியே போய், கொடியிலிருந்து ஒரு குலையை அறுத்துத் தட்டில் வைத்து நீட்டினாள். “நீங்க கேட்டதெல்லாம் இதுல இருக்கு. மொதல்ல நீங்க சாப்பிடுங்க தொரை.”

அந்தக் கொடிக்குக் காலையில்தான் மருந்தடித்திருந்தார்கள். துரை தட்டை அப்பால் தள்ளினார்.

“கழுவிக்கிட்டு வாடி!”

“விஷமே படாததுல எதைக் கழுவச் சொல்றீங்க தொரை?”

ஓட்டல்காரர் குலையை எடுத்து முகர்ந்தார். மருந்து நெடி அடித்தது. கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார்.

சொன்னபடியே துரை அன்று மாலை அவர்களை வெளியேற்றி லைன் வீட்டைப் பூட்டினார். வைன் விலைபோகாமல் தோட்டம் அடுத்த வருஷம் கைமாறியது. தேரசம்மாளின் புருஷன் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் வீட்டைப் பூட்டிய அந்த வருஷ மழைக்காலத்திலேயே இறந்துபோனான்.