முயல் போன சந்து

ஒரு ஊர்ல ஒரு ராணி இருந்தா. ஊருன்னா நம்ம ஊர் இல்ல, குளிர்ல மூக்கு உறைஞ்சு போற கெல்ட்டு சனங்களோட தீவு. ராணி பேரு செனுவாரா. போர்வைக்குள்ள எப்பவும் ஒரு முயல் வெச்சிருப்பா. அதுக்குக் கீரை குடுத்து வளத்தது அவ மக கென்னா. அந்தச் சனங்க முயலைத் திங்க மாட்டாங்க. சண்டைக்கு முன்னாடி அவுத்து விட்டு, அது ஓடுற பக்கம் பார்த்துச் சகுனம் சொல்லுவாங்க. கேக்குறியா?

ம்.

அவ புருஷன் மகா புத்திசாலி. சாகும்போது பாதி ராஜ்யம் மகளுக்கு, பாதி ரோமாபுரி ராஜாவுக்குன்னு எழுதி வெச்சுட்டுப் போனான். பாதியைக் குடுத்தா மீதியை விட்டுடுவான்னு நினைப்பு. பேரம் பேசத் தெரியாதவனெல்லாம் ராஜா. அப்புறம் என்ன, தடதடன்னு வந்த ரோமாபுரிச் சிப்பாய்ங்க முழுசையும் எடுத்துக்கிட்டாங்க.

"என் மக பங்கு எங்கய்யா?"ன்னா ராணி.

தூண்ல கட்டி வெச்சு, பளார் பளார்னு சாட்டையால பதில் சொன்னாங்க. ரொம்ப நாகரிகமானவங்க.

அப்போ ராணி சனத்தைக் கூட்டி, முயலை விட்டா. அது குடுகுடுன்னு ரோமாபுரிக்காரன் ஊர்ப் பக்கம் ஓடுச்சு. அந்த ஊருக்கு மதிலே கிடையாது. நம்மளை எவன் தொடுவான்னு, மதிலுக்குப் பதிலா சிலை வெச்சிருந்தாங்க. சிலை சண்டை போடல. ஊர் எரிஞ்சுது. கென்னா கூப்பிட்டதும் முயல் வந்துடுச்சு. அப்புறம் ரெண்டாவது ஊர். அப்புறம் மூணாவது. மூணுலயும் மதில் இல்ல. புத்தி வரணுமே.

ம்.

அப்புறம் காட்டோரமா பெரிய சண்டை. ராணியோட சனம் மட்டும் லேசுப்பட்டதா? ஜெயிக்கிறதை வேடிக்கை பார்க்கக் குடும்பத்தோட வண்டி கட்டிட்டு வந்து, படைக்குப் பின்னாடி வரிசையா அடைச்சு நிறுத்திடுச்சு. முயலை விட்டா, அது பின்னாடி ஓடி வண்டிக்கு அடியில புகுந்துடுச்சு.

"வண்டியை நகர்த்துங்க, திரும்பி வர வழி வேணும்"னா ராணி.

"விடியறதுக்குள்ள வந்து பிடிச்ச இடம் தாயி"ன்னான் ஒரு கிழவன். "நீ போய் ஜெயிச்சுட்டு வா."

சரசரன்னு ரோமாபுரிக்காரன் ஈட்டி பாஞ்சுது. படை திரும்புச்சு, போக வழி இல்ல. ராணி மகளை வண்டிகிட்ட இழுத்துட்டு வந்தா.

"முயல் போன சந்துல போடி."

"நீயும்மா?"

"எனக்கு அது பத்தாது. போ."

கென்னா தவழ்ந்து காட்டுக்குள்ள போயிட்டா. ராணி அந்தச் சந்தை மறைச்சு நின்னா. கடைசி வரைக்கும் நகரல.

ம்...

ஜெயிச்சோம்னு ரோமாபுரிக்காரன் பூம்பூம்னு ஊதினான். ஊதிட்டு, மூணு ஊருக்கும் விழுந்தடிச்சு மதில் கட்டினான். ஏன்னா, காட்டுல ஒரு சின்னப் பொண்ணு இருக்கான்னு கேள்விப்பட்டான். ஜெயிச்ச மகராசன் மதிலுக்குள்ள இன்னும் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கான். கென்னா முயலைக் கட்டிக்கிட்டு எப்பவோ தூங்கிட்டா. கதையும் அவகூடவே படுத்துடுச்சு, நீயும் தூங்கு.