அயல்பொருள் பூஜ்யம்

"டீச்சர், என் மருந்து மருந்தா விஷமான்னு இப்பவே சொல்லுங்க."

வைத்தியர் ஆவுடையப்பன் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார்.

பியூலா டீச்சர் அந்த மூலிகைப் பரிசோதனைக் கூடத்தின் தலைவி. வயது முப்பத்தாறு. வைத்தியருக்கோ ஐம்பத்தெட்டு. ஆனாலும் டீச்சர் சனிக்கிழமைதோறும் சித்த வைத்தியர்களுக்கு நடத்தும் வகுப்பில் முதல் பெஞ்சில் நோட்டும் கையுமாக உட்காருகிறவர் அவர்தான். சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்வார். எழுதினதைப் புரிந்துகொண்டாரா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று சனிக்கிழமை இல்லை. செவ்வாய். மணி நாலு.

"உட்காருங்க அய்யா. என்ன ஆச்சு?"

"மஞ்சக்காமாலைன்னு ஒரு பொண்ணு வந்தா டீச்சர். காலேஜ்ல படிக்கா. கீழாநெல்லிப் பொடி குடுத்தேன். மூணு நாள் குடிச்சா. இன்னைக்குக் காலைல தலை சுத்தி, வாந்தி எடுத்து, பெரியாஸ்பத்திரியில கிடக்கா. கண்ணு முழிக்கலையாம்."

"அதே பொடி வேற யார்கிட்ட இருக்கு?"

"பதினோரு பேர்கிட்ட."

"நிறுத்தச் சொல்லிட்டீங்களா?"

வைத்தியர் தரையைப் பார்த்தார்.

"அய்யா, கேக்கேன்ல?"

"சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அடுத்த வேளை. அதுக்குள்ள நீங்க பாத்துச் சொல்லிட்டா... டீச்சர், நிறுத்துன்னு ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வந்தா போதும், ஊரு என்னைப் பிச்சுப் பிடுங்கிரும். எங்க அப்பா காலத்துலேருந்து சம்பாதிச்ச பேரு."

"முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. சோதனை அப்புறம்."

"கையெடுத்துக் கும்பிடுதேன். முதல்ல பாருங்க. தப்புன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் சொல்லிருதேன்."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சே முக்கால் வரைக்கும்தான். அதுக்குள்ள முடியலைன்னா நானே ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணுவேன்."

"சரி டீச்சர்."

"பொடி எங்க?"

"தீர்ந்துபோச்சு. எல்லாம் அவங்க கையிலதான் இருக்கு. அது அரைச்ச மூட்டையிலேருந்துதான் இதை எடுத்தாந்தேன்."

பைக்குள் காய்ந்த கீழாநெல்லி இருந்தது. டீச்சர் ஒரு வெள்ளைத் தட்டையும் பூதக் கண்ணாடியையும் வைத்தியர் பக்கம் தள்ளினார்.

"நீங்களே பாருங்க. கீழாநெல்லி இல்லாதது எதுவா இருந்தாலும் அது அயல்பொருள். புல்லு, மண்ணு, வேற செடியோட இலை. தனியா எடுத்து வைங்க, எடை போட்டுப் பாப்போம்."

வைத்தியர் குனிந்தார்.

ஒரு இணுக்கை எடுப்பார். கண்ணாடியில் பார்ப்பார். புளிய இலையைப் போலச் சின்ன இலை, அதன் அடியில் வரிசையாகக் கடுகளவு காய்கள். கீழாநெல்லிதான். இடது பக்கம் வைப்பார். அடுத்ததை எடுப்பார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் மனுஷனுக்கு வேர்த்து ஊற்றியது. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் அந்தப் பெண்ணின் முகம் வந்து நின்றது. பாவம், முருகா முருகா என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஐந்தரைக்கு முடித்தார்.

இடது பக்கம் குவியல். வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

டீச்சர் வந்து தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இரண்டு இலைகளை ஊறவைத்து நுண்ணோக்கியிலும் பார்த்தார். பிறகு எழுதினார். அயல்பொருள் பூஜ்யம்.

"அப்பாடா!" வைத்தியர் நாற்காலியில் சாய்ந்தார். கண் நிறைந்துவிட்டது. "பாத்தீங்களா? என் சரக்குல குத்தமே இல்லை. அந்தப் பொண்ணு வேற எதையோ தின்னுருக்கா. நல்லவேளை, யார்கிட்டயும் வாயைத் திறக்கலை."

டீச்சர் சிரிக்கவில்லை.

"பதினாலு வருஷமா மூட்டை மூட்டையாப் பாக்கேன். பூஜ்யம் வந்ததே இல்லை."

"என் சரக்கு அப்படி."

"வரப்புல பறிச்ச செடி. ஒரு புல்லு இல்லை, ஒரு பொட்டு மண்ணு இல்லை. எப்படி அய்யா?"

"ஆய்ஞ்சுல்லா கொண்டாந்திருக்கேன்!" வைத்தியருக்குப் பெருமை தாங்கவில்லை. "காலைலேருந்து உக்காந்து, கீரை ஆயுற மாதிரி, இணுக்கு இணுக்கா ஆய்ஞ்சேன்."

"யாரு ஆயச் சொன்னா?"

"நீங்கதான் டீச்சர். மொத வகுப்புலயே சொன்னீங்க, சந்தேகம்னா ஆய்வுக்குக் கொண்டு வாங்கன்னு. நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ஆய்வுக்குன்னு கொண்டாறதை ஆயாமக் கொண்டாந்தா நல்லாவா இருக்கும்? அழுக்கும் தூசியுமா உங்க முன்னால நீட்ட முடியுமா?"

வேறொரு நாளாக இருந்தால் டீச்சர் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒதுக்கினது எவ்வளவு இருக்கும்?"

"ரெண்டு கை இருக்கும். புல்லு, குச்சி. அப்புறம் இன்னொரு இலை. கொஞ்சம் பெருசு, அடியில காய் இல்லை. என்ன செடின்னு பிடிபடலை."

"அதெல்லாம் இப்ப எங்க?"

"திரும்ப மூட்டையிலேயே போட்டுட்டேன்."

"ஏன்?"

"அது ஆய்வுக்கு இல்லையே, அரைக்கப் போறதுதானே..."

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

டீச்சர் எழுதின தாளைக் கிழித்து இரண்டாக மடித்துக் கூடையில் போட்டார்.

மணி ஐந்து நாற்பது.

வைத்தியர் சட்டைப் பையில் துழாவி செல்போனை எடுத்தார். இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினார். மூன்றாவது முறை மணி அடித்தது.

"மாடத்தியக்காவா? வைத்தியர் பேசுதேன். பொடியைக் கலக்கிட்டியளா?"

"இந்தா, வாய்கிட்டக் கொண்டு போயிட்டேன்."

"குடிக்காதீங்க! கீழ ஊத்துங்க. மிச்சத்தை அப்படியே கட்டி வைங்க, நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

"ஏன் வைத்தியரய்யா? நீங்க குடுத்த மருந்துதானே?"

"ஆமாக்கா. நான்தான் குடுத்தேன்," என்றார் ஆவுடையப்பன். "ஆயாமக் குடுத்துட்டேன்."