நிரம்பிய ஏரி

“வாயால ஒரு பொய் சொன்னா மனசும் கெட்டுப்போயிடுமா, தாயே?” என்று கேட்டார் மாசிலாமணி.

நல்லம்மை ஏரிக்கரைக் குடிசை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

அந்த நாட்டில் மூன்று வருஷமாக மழை இல்லை. ஏரி நிரம்பிவிட்டதென்று ராஜா முரசு அறைவித்திருந்தார். அவர் வாயிலிருந்து வந்த பிறகு ஏரிக்கு வேறு வழியேது? ஆடிப்பெருக்கன்று ஊர் ஜனம் காய்ந்த படித்துறையில் உட்கார்ந்து எழுந்து, தலையைத் துவட்டிக்கொண்டு வீடு போனது.

குயவன் இருளப்பன் மட்டும் களிமண் வெட்டப் போன இடத்தில், ஏரி காய்ந்து கிடக்கிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டான்.

நாளைக்கு விசாரணை. மாசிலாமணி மதகுக் காவலர், அவர்தான் சாட்சி. தண்ணீர் இருக்கிறது என்றால் இருளப்பன் தலை போகும். இல்லை என்றால் இவர் தலையும் சேர்ந்து போகும்.

“நாக்குதானே அவங்களுக்கு வேணும், குடுத்துட்டுப் போறேன். உள்ளுக்குள்ள எனக்கு உண்மை தெரியும். அது போதாதா?”

அம்மை காலிக் குடத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எதிர்க்கரையில, ஊர்க் கிணத்துலேருந்து ஒரு குடம் தண்ணி கொண்டாங்க. உலை வைக்கணும்.”

உச்சி வெயில். ஏரிப் பக்கம் ஈ காக்கை இல்லை. மாசிலாமணி இருளப்பனை நினைத்துக்கொண்டே நடந்தார்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆய்ந்து வைத்த கீரை வாடிவிட்டது.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“கரையைச் சுத்தித்தானே வரணும், தாயே.”

“குறுக்கே நடந்தா வெத்தில போடுற நேரம்தானே. யாராச்சும் மறிச்சாங்களா?”

“இல்ல.”

“பாக்கவாச்சும் ஆள் இருந்துச்சா?”

“ஒருத்தரும் இல்ல.”

“பின்னே?”

“குறுக்கே எப்படி வர்றது? அங்கதான் தண்…”

மாசிலாமணியின் வாய் திறந்தபடியே நின்றது.

அம்மை குடத்தை வாங்கி உலை வைக்கப் போனார்.

ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை.

எதிர்க்கரையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஜனம் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. ராஜாவின் காவலர்கள் இரண்டு பேர் படித்துறையில் நின்றிருந்தார்கள்.

மாசிலாமணி கரைப்பாதைக்குப் போகவில்லை. நேரே ஏரிக்குள் இறங்கி, புழுதி கிளம்ப ஊரைப் பார்த்து நடந்தார்.