வாய்க்கால் படல்

ஆவுடையப்பச் செட்டியார் தவிட்டு மண்டியை விட்டுத் துறவு வாங்கியபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு வேலம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காவி கட்டி மூன்று வருடம் ஆகியும் எல்லோரும் அவரைச் செட்டியாரே என்றுதான் கூப்பிட்டார்கள். குருவும்தான்.

ஏரியோரத்தில் இருந்த வேலம்மையின் மடத்துக்கு ஒரு குளம் உண்டு. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, சுற்றியிருக்கும் புல்வெளியெல்லாம் மூழ்கும். அப்போது ஒரு சிறு வாய்க்கால் வழியாகக் குளமும் வெள்ளத்தோடு சேர்ந்துகொள்ளும்.

அந்த வருடக் கோடை பொல்லாதது. குளம் முழங்கால் ஆழத்துக்கு வற்றியது. செட்டியார் இரண்டு வேளையும் தவிட்டு உருண்டை போட்டு மீன்களைக் காப்பாற்றினார். பிள்ளையில்லாத மனிதர். அவர் காலடி கேட்டாலே கெளுத்திகள் கரைக்கு வரும். இவை போய்விட்டால் தனக்கென்று யாரும் இல்லை என்று நினைத்தார். துறவிக்கு ஆகாத நினைப்புதான். என்ன செய்வது, வந்துவிட்டது.

ஐப்பசியில் மழை கொட்டியது. வெள்ளம் வாய்க்காலைத் தொட்ட அன்றே செட்டியார் அதன் குறுக்கே மூங்கில் படல் நட்டார். மண்டியில் மூட்டை கட்டிப் பழகிய கையால் மூன்று முடிச்சு போட்டு இறுக்கினார். தண்ணீர் வரலாம், போகலாம். மீன் போக முடியாது.

ஒரு மாதம் கழித்துக் குளத்தில் கெளுத்திகள் செத்து மிதக்கத் தொடங்கின. ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு குருவிடம் போனார்.

"தாயே, வேளை தவறாமல் போடுகிறேன். ஏன் சாகின்றன?"

வேலம்மை, கூடையோடு அந்தப் பக்கமாகப் போன மீன்காரி சடைச்சியைக் கூப்பிட்டார்.

"புல்வெளியில் பிடித்த கெளுத்தி இருக்கிறதா?"

"இருக்கு சாமி. மடத்துல மீனா?" சடைச்சி வாயைப் பிளந்தாள்.

"தின்ன இல்லை. உன்னுடையதையும் செட்டியாருடையதையும் வயிற்றைக் கீறிக் காட்டு."

சடைச்சி அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் குளத்து மீன். தவிடு வந்தது, சேறு வந்தது. பிறகு நகம் நீளத்துக்கு நான்கைந்து குஞ்சுகள்.

"கெளுத்திக் குஞ்சு சாமி. தவிடு பத்தாம தன் இனத்தையே தின்னிருக்கு. அடைச்சுப் போட்டா வேற என்ன பண்ணும்?"

செட்டியாரின் முகம் செத்துப்போனது.

அடுத்து வெள்ளத்து மீன். ஈசல், வெட்டுக்கிளிக் கால், மண்புழு, புல்விதை. எல்லாவற்றுக்கும் பின்னால் மஞ்சளாய்க் கொழுப்பு.

"கோடையில இதுவும் சேத்தைத்தான் தின்னுச்சு. தண்ணி ஏறினாத்தான் இதுக்குப் பந்தி. புல்லு, பூச்சி, புத்துல இருக்குற எறும்பு, ஒண்ணு விடாது. இந்த ரெண்டு மாசம் தின்னதை வச்சுத்தான் வருசம் பூரா தாங்கும்."

செட்டியார் குருவைப் பார்த்தார்.

"திறந்துவிட்டால் திரும்பி வருமா தாயே?"

"எனக்குத் தெரியாது."

"வராமலே போய்விட்டால்?"

"போய்விடும்."

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பினார்.

"படலை எடுத்துவிடவா?"

"கட்டியது யார்?"

செட்டியார் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். கயிறு ஊறிப் பருத்திருந்தது, முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தார். அதற்கும் மசியவில்லை. கண்ணீர் வழிய, படலை அடியோடு பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கினார்.

மீன்கள் பாய்ந்தன. அவர் தொடையில் மோதின, கால் இடுக்கில் நுழைந்தன, அவரைத் தள்ளி வீழ்த்தின. படலோடு முங்கி எழுந்தவர் மூச்சு வாங்கியபடி கத்தினார்:

"போங்கடா! போய் வயிறு முட்டத் தின்னுங்கடா!"

கரையில் சடைச்சி குலவை போட்டாள்.

அதன்பின் குளம் வெறுமையாகக் கிடந்தது. செட்டியார் பழக்க தோஷத்தில் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். 

தை பிறந்தது. வெள்ளம் வடியத் தொடங்கிய ஒரு காலையில் வாய்க்கால் பக்கம் சளசளவென்று சத்தம். செட்டியார் ஓடினார்.

வாய்க்காலில் தண்ணீரைவிட மீன் அதிகமாக இருந்தது. கெண்டை, கெளுத்தி, விரால். புல்வெளியில் தின்று கொழுத்த முதுகுகள் வெயிலில் பளபளத்தன. வாய்க்காலின் குறுகலான வாயருகே நெருக்கியடித்து, ஒன்றின்மேல் ஒன்றாகத் துள்ளிக் குளத்துக்குள் விழுந்தன. செட்டியார் வேட்டியோடு உள்ளே குதித்தார். அறுபத்தைந்து வயதில் அப்படி ஆடியவரை அந்த மடம் அதுவரை கண்டதில்லை.

"தாயே! வந்துவிட்டன! வந்துவிட்டன தாயே!"

வேலம்மை கரைக்கு வந்து நின்றார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"இதில் நீர் வளர்த்த மீன் எது செட்டியாரே?"

செட்டியார் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஒரு கெளுத்தியைத் தொட்டார், அது வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்றையும் தொட்டார்.

"தெரியவில்லை தாயே."

"அப்படியானால் மண்வெட்டியை எடுத்து வாரும். வாய்க்கால் வாயை இன்னும் இரண்டு முழம் அகலமாக வெட்டுவோம்."