கத்துகிற வில்லை

"டீச்சர், எனக்குத் தனியா ஒரு மேசை வேணும்."

மயூரி வாசலில் நின்றபடியே கேட்டாள். உள்ளே வந்து கேட்கிற அளவுக்குக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை.

பூரணி டீச்சர் நிமிரவில்லை. வறுத்த கடலையைக் கையில் கசக்கித் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

"உன் ஜோடி எங்க அம்மிணி?"

"அவ வரமாட்டா டீச்சர்."

"அப்ப மேசை இல்லை."

பொள்ளாச்சிப் பக்கத்தில் இருக்கிறது அந்தப் பள்ளிக்கூடம். அதில் டிங்கரிங் லேப் என்று ஒரு அறை. மோட்டார், ஒயர், சென்சார், பேட்டரி என்று கிடைத்ததையெல்லாம் பிள்ளைகள் இணைத்து, கருக்கி, திட்டு வாங்கி, மறுபடி இணைக்கிற இடம். டீச்சருக்கு வயது முப்பதுகூட இருக்காது. ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் ஆளை அசைக்க முடியாது.

சட்டமும் ஒன்றே ஒன்றுதான். ஒத்தை ஆளாக வந்தால் மேசையில் சுவிட்ச் போடக் கூடாது. ஒருத்தர் வேலை செய்ய வேண்டும், இன்னொருத்தர் சுவிட்ச் பக்கத்தில் நிற்க வேண்டும். ஷாக் அடித்தால் அணைக்க ஆள் வேண்டுமே, அதற்காகத்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். டீச்சர் காரணம் சொன்னதே இல்லை.

மயூரியின் ஜோடி சுடர்விழி. ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. ஒருத்தி டிபனை இன்னொருத்தி தின்பாள். போன வாரத்திலிருந்து சுடர் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். மயூரிக்குப் பக்கத்து இடம் காலி. வாய் என்னவோ தனி மேசை கேட்டது. மனசுக்கு வேண்டியிருந்தது அந்த இடத்தில் சுடர் வந்து உட்காருவதுதான். அதைப் போய் டீச்சரிடம் சொல்ல முடியுமா? ரோஷம் விடுமா?

"என்ன சண்டை?"

"சண்டையெல்லாம் இல்லைங்க டீச்சர். எங்க மெஷினுக்குச் சத்தம் பத்தலை. அதைப் பத்திப் பேசிட்டு இருந்தோம். பொசுக்குன்னு கோவிச்சுட்டுப் போயிட்டா."

அட, சாமர்த்தியக்காரி! பாதியைச் சொன்னாள், பாதியை முழுங்கினாள்.

முழுங்கின பாதி இதுதான். இருவரும் செய்துகொண்டிருந்தது ஒரு சைரன். தேங்காய் திருட எவனாவது மரத்தில் ஏறினால் ஊளையிடும். அது ஊரையே எழுப்ப வேண்டும் என்று மயூரிக்கு ஒரே பிடிவாதம். சுடர் மெதுவாகப் பேசுகிறவள். அன்றைக்கும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"மயூ, சத்தம் போடுற மெஷின் இருக்கட்டும். கேக்குற மெஷின் ஒண்ணு செய்யலாமா? எங்க தோப்புல ஒரு மரத்துல காதை வெச்சேன். உள்ள யாரோ முறுக்கு திங்குற மாதிரி இருக்குடி."

மயூரி லேப் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஏன் புள்ள, உங்க மரத்துக்குத் தீபாவளியா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுடர் சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனவள்தான்.

டீச்சர் கடலையை ஒதுக்கி வைத்தார்.

"மெஷினை எடுத்துட்டு வா."

மயூரி எடுத்து வந்தாள். பேட்டரியைச் செருகி, தட்டிக் காட்டினாள். அய்யோ, அந்த ஊளை! டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வெளியே மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுவா பத்தலை?"

"தோப்புல இருந்து வீட்டுக்குக் கேக்காதுங்க டீச்சர்."

டீச்சர் பெட்டியைத் திறந்தார்.

"இதுல கத்துறது எது?"

மயூரி தொட்டுக் காட்டினாள். பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளை வில்லை. தகடு போல மெலிசு. அதிலிருந்து இரண்டு ஒயர்.

"இதுக்கு என்ன தெரியும்?"

"கத்தத் தெரியும்."

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியாதுங்க டீச்சர். கத்துறதுக்குன்னே செஞ்சதுதானே."

டீச்சர் வில்லையின் இரண்டு ஒயரையும் சைரனிலிருந்து பிடுங்கினார்.

மயூரி பதறிப்போய்க் கையை நீட்டினாள். அந்த மெஷினை வைக்கவிருந்த அறிவியல் கண்காட்சிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. ஜோடியும் போய், மெஷினும் போகிறதா?

டீச்சர் அலமாரியிலிருந்து உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்தார். பிடுங்கின ஒயரை அதில் செருகினார். ஒரு ஹெட்போனையும் அதில் மாட்டி, மயூரியின் தலையில் வைத்தார். வில்லையை மேசை மேல் ஒட்டினார்.

"நான் ஒத்தை ஆளுங்க டீச்சர். சட்டம்?"

"பேட்டரிக்குச் சட்டம் இல்லை."

டீச்சர் மேசையின் அந்தக் கோடிக்குப் போனார். ஒரு கடலையை எடுத்து, மேசையில் மெல்ல வைத்தார்.

மயூரி துள்ளிக் குதித்தாள்.

தலைக்குள் இடி விழுந்தது போல இருந்தது. டீச்சர் நகத்தால் பலகையை வருடினார். மயூரிக்கு அது பெரிய லாரி ஒன்று சரளைக் கல்லில் வருகிற சத்தமாகக் கேட்டது. மூலையில் மேசை விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு தரை வழியாக வந்து, மேசைக் கால் வழியாக ஏறி, ம்ம்ம் என்று கேட்டது. இந்த மேசையில்தானே இரண்டு வருஷமாக வேலை செய்கிறாள்? இத்தனை சத்தம் அதற்குள் ஓடுவது ஒருநாளாவது தெரிந்ததா?

"டீச்சர்! இது கேக்குது!"

"ஆமா."

"கத்துற வில்லைதானே இது?"

"அதே வில்லைதான்."

"எப்ப இருந்து கேக்கும்?"

"வாங்கின அன்னைக்கிருந்து."

மயூரிக்குச் சிரிப்பும் வந்தது, மயிர்க்கூச்சும் எடுத்தது. வில்லையை மேசையிலிருந்து பிய்த்து, ஆம்ப்ளிஃபயரோடு எடுத்துக்கொண்டு ஓடினாள். கதவில் வைத்தாள். ஜன்னல் கம்பியில் வைத்தாள். தண்ணீர்க் குழாயில் வைத்தாள், மாடியில் யாரோ கை கழுவுவது காதுக்குள் கொட்டியது. சிரித்துக்கொண்டே முற்றத்துக்கு வந்தாள்.

அங்கே ஒரு தென்னை மரம். பச்சைப் பசேல் என்று, குலை குலையாகக் காய்த்து நிற்கிற மரம். பிள்ளைகள் அதன் பக்கத்தில்தான் சைக்கிளை நிறுத்துவார்கள். போகிற போக்கில் அதிலும் வைத்தாள்.

முதலில் காற்று. ஓலைகளின் ஆட்டம் மரம் வழியே இறங்கி வந்தது.

பிறகு அடியில் வேறு ஒன்று.

கறுக்.

கறுக், கறுக்.

மயூரியின் சிரிப்பு நின்றது. வில்லையை ஒரு சாண் மேலே நகர்த்தினாள். சத்தம் பெரிதானது. ஒன்றல்ல, நிறைய. நிதானமாக, அவசரமே இல்லாமல், உள்ளே யாரோ உட்கார்ந்து முறுக்கு தின்கிறார்கள்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

டீச்சர் பின்னாலேயே வந்திருந்தார். மயூரி ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டினாள். மென்றுகொண்டிருந்த கடலை டீச்சரின் வாயிலேயே நின்றுபோனது. அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். வெளியே ஒரு ஓட்டை இல்லை, ஒரு ஓலை பழுக்கவில்லை.

"கூன்வண்டுப் புழு. உள்ளயே இருந்து தின்னுட்டு இருக்கு" என்றார். குரல் அடங்கிப்போயிருந்தது. "இந்த மரத்துல இருக்குன்னு எனக்குத் தெரியாது அம்மிணி. தினமும் இதைத் தாண்டித்தான் வர்றேன்."

"இப்படியே விட்டா?"

"ஒருநாள் கொண்டை ஒடிஞ்சு விழும். இப்பவே தெரிஞ்சா மருந்து வெச்சுக் காப்பாத்தலாம். பச்சையா இருக்கையில எவன் சந்தேகப்படுவான்?"

மயூரி மரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"டீச்சர், சுடர் இதைச் சொன்னா."

"எப்ப?"

"போன வாரம். லேப்ல வெச்சு."

"நீ என்ன சொன்னே?"

மயூரிக்கு முகம் சுருங்கிப்போனது. முழுங்கின பாதி தொண்டையில் வந்து நின்றது. எத்தனை எளிதாக அன்றைக்கு அந்த வார்த்தை வந்தது! வில்லையின் ஒயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

டீச்சர் திருப்பிக் கேட்கவில்லை. ஹெட்போனையும் ஆம்ப்ளிஃபயரையும் அவள் கையில் கொடுத்தார்.

"எப்ப திருப்பித் தரணுங்க டீச்சர்?"

"ஜோடியா வந்து குடு."

பள்ளிக்கூடம் விட்டதும் மயூரி சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்று விழுந்தது. மாட்டி, மறுபடி மிதித்தாள். கையெல்லாம் கிரீஸ்.

சுடர் வீட்டுத் தோப்பு சின்னதுதான். அப்பாவுக்கு அதை விட்டால் வேறு வருமானம் இல்லை. வரப்பு ஓரத்தில் ஒரு மரம் கொண்டை இல்லாமல் மொட்டையாக நின்றது. இன்னொன்று புதிதாக விழுந்து கிடந்தது. ஓலை இன்னும் பச்சையாகவே இருந்தது. சுடர் அதன் மட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மயூரியைப் பார்த்தாள். இழுப்பதை நிறுத்தவில்லை.

"என்ன, உன் சைரனுக்கு இன்னும் சத்தம் பத்தலையா?"

வழி நெடுக மயூரி என்னென்னவோ பேச யோசித்து வந்திருந்தாள். எல்லாம் மறந்துபோனது. நேராக நிற்கிற மரத்தில் ஒன்றுக்குப் போய் வில்லையை வைத்தாள். கேட்டாள். ஒன்றும் இல்லை, காற்றுதான். அடுத்த மரம். அதிலும் இல்லை. அதற்கடுத்த மரத்தில் வைத்தவள் அசையாமல் நின்றாள்.

சுடரின் கை தானாக மட்டையை விட்டது.

"என்னடி?"

மயூரி ஹெட்போனைக் கழற்றி, கிரீஸ் கையாலேயே அவள் காதில் மாட்டினாள்.

சுடர் கேட்டாள். அவள் கண் பெரிதானது. மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அடியில் கேட்டாள், இடுப்பு உயரத்தில் கேட்டாள், எட்டின மட்டும் கேட்டாள். எங்கே சத்தம் அதிகமோ அங்கே நகத்தால் ஒரு கோடு கீறினாள். தலை தூக்கிக் குருத்தைப் பார்த்தாள். குருத்து நிமிர்ந்துதான் இருந்தது. இன்னும் சாயவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"இதைத்தான்டி அன்னைக்குச் சொன்னேன்."

"தெரியும்."

"எல்லாரும் சிரிச்சீங்க."

"நான்தான் சிரிக்க வெச்சேன்."

சுடர் ஹெட்போனைக் கழற்றினாள். தோப்பில் ஓலைச் சத்தம் மட்டும் இருந்தது. மயூரி விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லு புள்ள" என்றாள். "மொதல்ல இருந்து."