ஊரை ஊருக்கு வெளியே வைத்த உய்யவந்தான்

முன்னொரு காலத்தில், போரும் இல்லாமல் பஞ்சமும் இல்லாமல் பொழுது போகாமல் கிடந்த ஒரு ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. பொழுது போகாத ராஜாவுக்கு ஆசை வந்தால் குடிகளுக்கு வயிற்றில் புளி கரைக்கும். அது அந்தக் காலத்து வழக்கம்.

கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, "எங்கள் பட்டணத்தில் குறை சொல்கிறவர் ஒருவர்கூட இல்லை, அரசே" என்று அளந்துவிட்டுப் போய்விட்டான். கேட்டதிலிருந்து ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் சபை கூடியதும், "நம் பட்டணத்தில் குடிகளுக்குப் பிடிக்காதது ஏதேனும் உண்டா?" என்று கேட்டார். சபையில் எல்லோரும் மேல்கூரையை ஆராய்ந்தார்கள்.

"அப்படியானால் கேளுங்கள். இன்றிலிருந்து எட்டாம் நாள் உச்சிப்பொழுதுக்குள், கோட்டைச் சுவருக்குள்ளே குடிகளுக்குப் பிடித்தது மட்டுமே இருக்க வேண்டும். பிடிக்காதது அத்தனையும் கோட்டைக்கு வெளியே போய்விட வேண்டும். இது நம் ஆணை."

உடனே எழுந்தார் பிரதானி திருமேனிநாதர். அரசருக்கு அடுத்தபடி அவர்தான். எங்கே போனாலும் திரை போட்ட பல்லக்கில் போவார். வெயிலும் குடிகளும் மேலே படக்கூடாது என்பது அவர் கொள்கை. சபையில் அவருக்குப் பிடிக்காத ஆள் ஒருவன்தான். அவன் விகடகவி உய்யவந்தான். பிரதானி ஒரு நாழிகை பேசினால் ராஜா கொட்டாவி விடுவார். உய்யவந்தான் ஒரு வார்த்தை பேசினால் ராஜாவின் கிரீடம் குலுங்கும். இதைப் பார்த்துப் பார்த்துப் பிரதானியின் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"இத்திருப்பணிக்கு உய்யவந்தாரைவிடத் தகுந்தவர் எவர், அரசே? தவறினால் அவரும் அவர் குடும்பமும் இப்பட்டணத்தை விட்டே வெளியேறட்டும். மேலும், ஆணையில் ஒரு வரி சேர்த்தருள வேண்டும். 'ஒரே ஒருவர் பிடிக்காது என்று சொன்னாலும் போதும். எதுவாயினும், எவராயினும் வெளியேற வேண்டும். சொல்லப்படாத எதுவும், எவரும் வெளியே போகக்கூடாது' என்று."

"நன்று, நன்று!" என்று ராஜா முத்திரையைக் குத்திவிட்டார்.

உய்யவந்தானுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஊரில் அவன் கேலி செய்யாத ஆள் கிடையாது. அதில் ஒருவர் அவன் பெயரைச் சொன்னாலும் தீர்ந்தது. வேலையை முடிக்காவிட்டாலும் வெளியே, முடித்தாலும் வெளியே. பிரதானியைப் பார்த்துக் கும்பிட்டான். "தங்கள் அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன், பிரபு!" என்றான். செய்வோம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டான். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை ஓலைக்கட்டும் எழுத்தாணியுமாக உட்கார்ந்தவன், முதல் போணி வீட்டிலேயே ஆகட்டும் என்று மனைவி வடிவாயியிடம் கேட்டான்.

"வடிவு, இந்த ஊர்ல உனக்குப் பிடிச்சது என்ன, பிடிக்காதது என்ன?"

அவள் அப்போதுதான் பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணு ஆசாரியின் உலையிலிருந்து கொட்டாங்குச்சியில் நெருப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பட்டணத்தில் அதுதான் நடைமுறை. விடியலில் கீழைவாசல் அப்பக்கடை அங்காளம்மையின் அடுப்புதான் முதலில் எரியும். அங்கிருந்து ஒரு வீடு, அந்த வீட்டிலிருந்து அடுத்த வீடு என்று நெருப்புத்துண்டு தெருத்தெருவாக நடந்து, கடைசியில் அரண்மனை மடைப்பள்ளிக்கு வந்து சேரும். நெருப்போடு ஊர்வம்பும் கூடவே வரும் என்பதால் கல்லை உரசித் தீ உண்டாக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

"பிடிச்சது கெடக்கட்டும், பிடிக்காதத எழுதுங்க. இந்த ஆசாரி பித்தளைய டங்கு டங்குனு தட்டுறது பிடிக்கல. மேலத்தெருக் கெணத்துத் தண்ணி பிடிக்கல. அப்புறம், எங்கிட்ட கேக்காம சந்தைக்குப் போயி மூணு பூசணிக்கா வாங்கிட்டு வர்ற ஒரு மனுசன் இந்த வீட்ல இருக்காரு, அவரையும் பிடிக்கல. எழுதிட்டீங்களா?"

எழுதிவிட்டான்.  அடுத்தவன் சொல்வானே என்று பயந்தது போக, கட்டின பெண்டாட்டியே போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஆசாரியிடம் போனான். "எனக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி. அந்த மருதப்ப செட்டியார் செக்கு இருக்கே, அது கீச்சு கீச்சுனு கத்துது பாரு, அதத் தூக்கிரு. செட்டியாரையும் சேத்துத் தூக்கிரு" என்றார் ஆசாரி. செட்டியாரிடம் போனான். "நம்ம செக்கு சத்தம் சங்கீதம்யா. இந்த ஆசாரி தட்டுற தட்டுலதான் என் மாடு மெரண்டு போயி எடவலம் மாத்திச் சுத்துது. ஆசாரிய அனுப்பிரு" என்றார் செட்டியார். அங்கிருந்து அங்காளம்மையிடம் போனான். அவள் கரண்டியை ஓங்கிக்கொண்டு சொன்னதை அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான். அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, சின்னதாக ஒன்றை அனுப்பிப் பார்ப்போம் என்று மேலத்தெருவில் அகாலத்தில் கூவுகிற ஒரு சேவலைப் பிடித்து வெளியே விட்டான். மறுநாள் அந்தத் தெருவே வாசலில் வந்து நின்றது. "சேவல் இல்லாம நாங்க எப்பய்யா எந்திரிக்கிறது?" புகார் சொன்னவன்தான் அதில் முதல் ஆளாக நின்றான்.

ஏழாம் நாள் வந்தது. உய்யவந்தான் ஓலைக்கட்டின் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டான். மடக்கிக் கட்டிய பாயையும் சட்டிகளையும் கண்ட பிறகுதான் வடிவாயிக்கு விஷயமே தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அட, உனக்குத்தான் ஆசாரி சத்தம் பிடிக்கலையே, கெணத்துத் தண்ணி பிடிக்கலையே. நல்லதுதானே?"

"பிடிக்கலைன்னா? கொற சொல்றது வேற, ஊர விட்டுப் போறது வேற. இங்க குடியிருக்கவதானே இங்க உள்ளதக் கொற சொல்ல முடியும்? போற எடத்துல யாரு சத்தம்னு நான் வைவேன்? எனக்கு யாரு நெருப்புத் தருவா?"

 வேறொரு ஊரில் போய் யாரைக் கேலி செய்வது என்று நினைத்தபோது அவனுக்கும் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. அப்புறம் திடீரென்று எழுந்து உட்கார்ந்தான். ஓலைக்கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. பார்த்து முடித்ததும் வடிவாயி குறை சொன்ன மூன்று பூசணிக்காயையும் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடித்து ஆடினான். ஒன்று உடைந்தது.

அன்று மாலையே தெருத்தெருவாகத் தமுக்கு முழங்கியது. "ராஜாவின் ஆணை! பெயர் சொல்லப்பட்டவர் எல்லோரும் நாளை விடிந்ததும் அவரவர் தொழில் சாமானோடு கோட்டைக்கு வெளியே போய்விட வேண்டும்!" தமுக்கு அடித்தவன் தன் பெயரும் பட்டியலில் இருப்பதைக் கேட்டுத் தமுக்கோடு வெளியே போனான்.

எட்டாம் நாள் காலை ராஜா கண் விழித்தார். சங்கு ஊதவில்லை. கைதட்டினார், வெற்றிலைப் பெட்டி வரவில்லை. மடைப்பள்ளிக்குத் தானே நடந்து போனார். அடுப்பில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. நெருப்பு வந்து சேராத அரண்மனையில் வெந்நீர்கூட இல்லை. முற்றத்தில் உய்யவந்தான் மட்டும் ஓலைக்கட்டோடு நின்றான்.

"உய்யவந்தான்! எங்கே எல்லோரும்?"

"வெளியே, அரசே. சங்கு ஊதுபவரை வெற்றிலைக்காரருக்குப் பிடிக்கவில்லை. வெற்றிலைக்காரரைச் சமையல்காரருக்குப் பிடிக்கவில்லை. சமையல்காரரை எவருக்கும் பிடிக்கவில்லை. ஆணைப்படி வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. இன்னும் இருவர்தான் பாக்கி. ஒருவன் அடியேன்."

"மற்றொருவன் எவன்? அவனையும் பிடித்துத் தள்ளு!"

உய்யவந்தான் கீழைவாசல் ஓலையை எடுத்தான்.  அங்காளம்மை சொன்னதைச் சொன்னபடியே படித்தான்.

"'வெள்ளிக்கெழமை தோறும் ராசா யானை மேல ஊர்வலம் வர்றாரு. அந்த யானை எங்கடையாண்ட நின்னு மாவுப் பானைக்குள்ள தும்பிக்கைய விட்டு உறிஞ்சுது. மேல உக்காந்திருக்கிற ராசா அதப் பாத்துச் சிரிக்கிறாரு. மாவு எவன் வூட்டு மாவு? எனக்கு அந்த ராசாவப் பிடிக்கல.'"

ராஜாவின் மீசை துடித்தது.  பூனைகூட எழுந்து போய்விட்டது.

"நான் சிரித்தேனா?"

"வாய்விட்டு, அரசே."

"நான் வெளியே போக மறுத்தால்?"

"பிடிக்காதது ஒன்று கோட்டைக்குள் தங்கிவிடும். அடியேன் தோற்றவன் ஆவேன். மூட்டை கட்டித் தயாராக இருக்கிறது." உய்யவந்தான் இந்த முறை விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

 அந்த நேரம் பார்த்துக் கிழக்கிலிருந்து காற்று வீசியது. கோட்டைச் சுவரைத் தாண்டி அப்பம் வேகிற வாசனை வந்தது. ராஜாவின் வயிறு, மத்தளம் தோற்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

"ஆணை என்றால் ஆணைதான்" என்றார் ராஜா. "நட."

கீழைவாசலுக்கு வெளியே வறண்டு கிடந்த ஏரியில் பட்டணம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. ராஜா பார்த்தார்; கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். முன்னால் அங்காளம்மையின் அடுப்பு. அதற்கப்பால் கோட்டைக்குள்ளே இருந்த அதே வரிசையில் தெருக்கள். ஆசாரி டங்கு டங்கென்று தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு அடி தள்ளி மருதப்ப செட்டியார் சின்ன மரச்செக்கை நட்டுக்கொண்டிருந்தார்.

"ஆசாரியாரே, செட்டியாரை விரட்டச் சொன்னவர் நீர்தானே? இவ்வளவு பெரிய ஏரியில் அவர் பக்கத்திலேயே ஏன் உட்கார்ந்தீர்?" என்றார் ராஜா.

ஆசாரி விழித்தார். "வேற யாரு பக்கத்துல உக்கார்றது, மகாராஜா? நாப்பது வருசமா இவரு செக்குச் சத்தம் கேட்டுக்கிட்டே தட்டிப் பழகிட்டேன். அது நின்னா எனக்கு அடி தப்பிப் போவுது."

"என் மாட்டுக்கும் அப்பிடித்தான்" என்றார் செட்டியார்.

ராஜாவின் உதடு ஓரத்தில் கோணியது. அங்காளம்மை வாழையிலையில் இரண்டு அப்பத்தை வைத்து நீட்டினாள். "சாப்டுங்க. பிடிக்கலைன்னுதானே சொன்னேன், பட்டினி போடுவேன்னா சொன்னேன்?"

ராஜா முதல் அப்பத்தைக் கடித்தபோது கோட்டைச் சுவரின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"திறங்கள்! என்னை வெளியே விடுங்கள்!"

பிரதானி திருமேனிநாதர். தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. வாசலில் நின்ற காவல்காரன் ஓலையைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "உங்க பேரு யாரும் சொல்லலீங்க. சொல்லாதவங்கள வெளிய வுடக்கூடாதுன்னு ஆணை."

"கண்டீர்களா, அரசே!" என்றான் உய்யவந்தான். "இத்தனை பெரிய பட்டணத்தில் ஒருவருக்கும் பிடிக்காமல் போகாத ஒரே மனிதர் நம் பிரதானியார்தான்."

ராஜாவுக்கு நம்ப முடியவில்லை. "குடிகளே! மேலே நிற்பவரைப் பிடிக்காதவர் ஒருவர்கூடவா இல்லை?"

ஜனங்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்கள். "யாரு அது?" என்றாள் அங்காளம்மை. "ஓட்டுல ஏறுன தச்சனா?" என்றார் செட்டியார். பல்லக்குத் தூக்கிகள் நால்வரும் தலையைச் சொறிந்தார்கள். "பல்லக்குக்குள்ள மூட்டை இருக்குன்னுல்ல நெனச்சோம்" என்றான் ஒருவன்.

பிரதானி சுவர்மேல் நின்று கெஞ்சினார். "யாராவது ஒருவர் என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்! விடிந்ததிலிருந்து பச்சை அவலைத் தின்றுகொண்டிருக்கிறேன்! ஊர் பிடித்தது, நீர் பிடித்தது, எல்லாம் பிடித்தது, ஆனால் உள்ளே பேச ஒரு நாதி இல்லை!"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெரியாத மனிதரை எப்படிப் பிடிக்காமல் போகும்? ஜனங்களுக்கு நியாயம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

கடைசியில் உய்யவந்தான் முன்னால் வந்து கைகூப்பினான். "அரசே, என்னிடம் மட்டும் எவரும் கேட்கவில்லை, ஓலை எழுதியவன் நானல்லவா? இப்போது சொல்கிறேன். எனக்குப் பிரதானியாரை அறவே பிடிக்காது."

"மிக்க நன்றி, உய்யவந்தாரே! தாங்கள் நீடூழி வாழ்க!" என்று கூவிக்கொண்டே பிரதானி படியில் உருண்டு புரண்டு ஓடிவந்து, அங்காளம்மையின் அடுப்புக்கு முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தார்.

அப்போது சிரித்தார் ராஜா. அப்பம் புரையேறச் சிரித்தார். ஏரியே சிரித்தது, ஏன் என்று தெரியாமல் பின்வரிசையும் சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் ஆணை ஓலையை வாங்கி அங்காளம்மையின் அடுப்பில் செருகினார். அது நன்றாக எரிந்தது. அடுத்த ஈடு அப்பம் அதில்தான் வெந்தது.

"எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை ஊர்வலம் இனி மேலைவாசல் வழியாகப் போகும். உய்யவந்தான், உனக்கு இந்த முத்துமாலை. அதோடு அரண்மனைத் தெருவில், ஒரு சத்தமும் கேட்காத பெரிய மாளிகை ஒன்றும் தருகிறோம்."

உய்யவந்தான் வாய் திறப்பதற்குள் வடிவாயி முந்திக்கொண்டாள். "முத்துமாலை போதும், மகாராஜா. சத்தம் இல்லாத வீட்ல நான் யாரைத் திட்டிக்கிட்டுச் சமைக்கிறது?"

மறுநாள் விடியலில் நெருப்பு வழக்கம்போலத் தெருத்தெருவாக நடந்தது. கழுத்தில் முத்துமாலையோடு கொட்டாங்குச்சியை நீட்டிய வடிவாயி, "எந்த நேரமும் டங்கு டங்கு! காது செவிடாப் போவுது, ஆசாரியாரே!" என்று கத்தினாள். ஆசாரி பெரிய நெருப்புத்துண்டாகப் பார்த்து எடுத்துப் போட்டார். அரண்மனை மடைப்பள்ளிக்கு அது போய்ச் சேரச் சற்று நேரம் ஆனது. ராஜாவுக்கு வெந்நீர் தாமதம். அவரும் அன்று முதல் ஊரைக் குறை சொல்ல ஆரம்பித்தார். குறை சொல்லிக்கொண்டே அவரும் நன்றாக இருந்தார், ஊரும் நன்றாக இருந்தது.